வேகக் காருக்குப் புது டயர்: கையைக் கடிக்காமல் வாங்கும் வழி

நான்கு நல்ல டயருக்காக நான் மொத்தம் பத்து டயருக்குப் பணம் கட்டினேன்.

பழைய வேகக் கார் ஒன்றை வாங்கிய கையோடு, விலையை மட்டும் பார்த்து நான்கு டயர் போட்டேன். மழையில் பிரேக்கை மிதித்தால், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கடகடவென்று உதறும். வண்டி மட்டும் சறுக்கிக்கொண்டே போகும். எட்டே மாதத்தில் பின் டயர் இரண்டும் உள்பக்கம் தேய்ந்து கம்பி தெரிந்தது. அவசர அவசரமாக இரண்டு மட்டும் வாங்கினேன். அளவு சரி, டயர் எவ்வளவு எடை தாங்கும் என்று சொல்லும் சுமைக் குறியீடு குறைவு. பொருத்தியவரும் கவனிக்கவில்லை, எனக்கும் அப்போது பார்க்கத் தெரியாது. கடைசியில் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மறுபடி நான்கு. மூன்று ரசீதையும் கூட்டிப் பார்த்தபோது, சந்தையிலேயே உசத்தியான டயரை முதல் நாளே வாங்கியிருந்தாலும் இவ்வளவு ஆகியிருக்காது என்று புரிந்தது. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் இதை வரிசைப்படி எழுதுகிறேன்.

வேகக் கார் என்று நான் சொல்வது, இன்ஜின் வலுவும் பெரிய பிரேக்கும் தாழ்ந்த பக்கவாட்டு டயரும் கொண்ட எந்தக் காரையும். சின்ன ஹேட்ச்பேக்காக இருந்தாலும் சரி, இரண்டு கதவு கூபேயாக இருந்தாலும் சரி.

1. புது டயரைத் தேடும் முன் பழைய டயரைப் பாருங்கள்

எல்லோரும் தாண்டிப் போகும் படி இது. எனக்கு அதிகம் செலவு வைத்ததும் இதுதான்.

காரின் பக்கத்தில் நின்று பார்த்தால் டயரின் வெளி விளிம்பு மட்டுமே கண்ணில் படும். வேகக் கார்களில் சக்கரத்தின் மேல்பகுதி உள்நோக்கிச் சற்றுச் சாய்ந்திருக்கும். இதை நெகட்டிவ் கேம்பர் என்பார்கள். அதனால் உள் விளிம்புதான் முதலில் தேயும். வெளியே 4 மி.மீ. பட்டன், அதாவது தரையைப் பிடிக்கும் ரப்பர் மேடு, இருக்கும்போதே உள்ளே வழுக்கையாகியிருக்கலாம். முன் சக்கரத்துக்கு ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி வைத்துப் பாருங்கள். பின் சக்கரத்துக்குத் தரையில் குனிந்து டார்ச் அடித்துத்தான் பார்க்க வேண்டும். கையைப் பட்டன்மேல் ஓட்டும்போது கவனம். நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி கையைக் கிழித்துவிடும்.

தேய்மானம் சொல்லும் சேதியை இப்படிப் படிக்கலாம்:

நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால், நெடுநாளாகக் காற்று கூடுதலாக இருந்திருக்கிறது.

இரு ஓரமும் தேய்ந்து நடு பிழைத்திருந்தால், காற்று குறைவாக ஓடியிருக்கிறது.

ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், விலகியிருக்கிறது. கேம்பரால் மட்டும் வரும் தேய்மானம் மெதுவாக வரும். சக்கரம் நேராகப் பார்க்காமல் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருப்பது, அதாவது டோ விலகுவது, சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே டயரை முடித்துவிடும்.

பட்டனைக் கையால் ஒரு திசையில் தடவினால் வழவழப்பு, எதிர்த் திசையில் ரம்பம் போலச் சொரசொரப்பு என்றால், அதுவும் டோ கோளாறுதான்.

இங்கேயும் அங்கேயும் திட்டுத் திட்டாகப் பள்ளம் விழுந்திருந்தால் ஷாக் அப்சார்பரைச் சந்தேகப்படுங்கள்.

இவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தால், புது டயர் வாங்கும் முன்பே அலைன்மென்ட் அளவை மட்டும் எடுத்துப் பாருங்கள். அளவு எடுப்பது ஒரு வேலை, சரிசெய்வது வேறு வேலை. சஸ்பென்ஷன் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் புஷ் கிழிந்திருந்தால் அலைன்மென்ட் நிற்கவே நிற்காது. அப்படியென்றால் உங்கள் பட்ஜெட்டில் ஒரு பங்கு புஷ்ஷுக்குப் போக வேண்டும். என் முதல் பின் டயர் இரண்டையும் தின்றது டயரின் தரக்குறைவு மட்டுமில்லை. பின் அச்சில் கிழிந்திருந்த இரண்டு ரப்பர் புஷ்களும்தான். அதைத் தெரிந்துகொள்ளாமல் எந்த டயரைப் போட்டிருந்தாலும் கதி அதுவாகவே இருந்திருக்கும்.

எப்போது மாற்றுவது? பல நாடுகளில் சட்டம் அனுமதிக்கும் கடைசி எல்லை 1.6 மி.மீ. ஆழம். பட்டன் பள்ளத்துக்குள் சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். பட்டன் அந்த மேட்டின் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் எல்லை வந்துவிட்டது. ஆனால் அகலமான டயர் 3 மி.மீ.க்குக் கீழே வந்ததுமே தேங்கிய நீரில் மிதக்கத் தொடங்கிவிடும். நான் 4 மி.மீ.யில் தேடத் தொடங்கி 3 மி.மீ.யில் மாற்றுகிறேன். அந்த ஒரு மில்லிமீட்டர் இடைவெளிதான் பேரம் பேசவும், நல்ல சரக்குக்குக் காத்திருக்கவும் நேரம் தருகிறது. கம்பி தெரிந்த பிறகு தேடுபவர், கடையில் அன்றைக்கு என்ன இருக்கிறதோ அதைத்தான் வாங்குவார்.

2. அளவை டயரில் படிக்காதீர்கள், காரில் படியுங்கள்

பழைய கார் வாங்கியவர்கள் விழும் குழி இது. காரில் இப்போது இருக்கும் டயர் முந்தைய உரிமையாளர் தன் விருப்பத்துக்குப் போட்டதாக இருக்கலாம். ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தகடு, இல்லையென்றால் பெட்ரோல் மூடியின் உள்பக்கம், அதுவும் இல்லையென்றால் உரிமையாளர் கையேடு: இந்த மூன்றில் ஒன்றில் உற்பத்தியாளர் அனுமதித்த அளவுகள் எல்லாம் இருக்கும். பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட அளவுகள் அனுமதிக்கப்பட்டிருக்கும். அந்தப் பட்டியலைப் படம் எடுத்துக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பணம் மிச்சப்படுத்த அது உதவும்.

உதாரணமாக 225/45 ஆர்17 94டபிள்யூ எக்ஸ்எல் என்று இருந்தால், 225 என்பது மி.மீ. கணக்கில் அகலம். 45 என்பது பக்கவாட்டின் உயரம், அகலத்தில் 45 சதவீதம். ஆர் என்றால் ரேடியல். 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். இவற்றை யாரும் தவறவிடுவதில்லை. தவறு நடப்பது அடுத்து வரும் இரண்டில்.

94 என்பது சுமைக் குறியீடு. ஒரு டயர் 670 கிலோ தாங்கும் என்று பொருள். 91 என்றால் 615 கிலோ. ஒரே அளவில் இரண்டும் விற்பனைக்கு இருக்கும். 91 கொஞ்சம் மலிவாகவும் இருக்கும். உங்கள் தகட்டில் 94 என்று இருந்தால் 91 வாங்கக் கூடாது. நான் மாட்டியது இங்கேதான்.

டபிள்யூ என்பது வேகக் குறியீடு. எச் 210 கி.மீ., வி 240, டபிள்யூ 270, ஒய் 300. "நான் எங்கே 270இல் போகப் போகிறேன்" என்று கீழே இறங்க ஆசை வரும். கார் உற்பத்தியாளர் கேட்பதைவிடக் குறைவாகப் போட்டால், விபத்து நேர்ந்தால் காப்பீட்டுக்காரருக்கு மறுக்க ஒரு காரணம் கிடைக்கும். சில நாடுகளில் தகுதிச் சோதனையிலும் தேறாது. அதோடு உயர்ந்த குறியீடு உள்ள டயரின் கட்டுமானமே உறுதியாக இருப்பதால் வளைவில் ஸ்டியரிங் சொன்ன சொல் கேட்கும். மேலே போகலாம், கீழே இறங்காதீர்கள்.

எக்ஸ்எல் என்றால் கூடுதல் சுமை தாங்கும் கட்டுமானம். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. சாதாரண 91 டயர் தன் 615 கிலோவை 2.5 பார் காற்றில் சுமக்கும். எக்ஸ்எல் 94 தன் 670 கிலோவை 2.9 பார் காற்றில்தான் சுமக்கும். ஆகவே சாதாரண டயரிலிருந்து எக்ஸ்எல்லுக்கு மாறினால் காற்று கொஞ்சம் கூட்ட வேண்டியிருக்கும்.

டயரின் பக்கவாட்டில் நட்சத்திரம், எம்ஓ, ஏஓ, என்0 போன்ற முத்திரைகள் இருக்கலாம். முறையே பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ், ஆடி, போர்ஷே நிறுவனங்கள் தங்கள் காருக்கென்று ஒப்புக்கொண்ட டயர் என்று அர்த்தம். அதே மாடல் முத்திரை இல்லாமல் மலிவாகக் கிடைக்கும். கார் வாரன்டியில் இல்லாவிட்டால், முத்திரை இல்லாததை நான்கு சக்கரத்துக்கும் ஒரே மாதிரி போட்டுவிடலாம் என்பது என் கருத்து. இரண்டு முத்திரையோடும் இரண்டு இல்லாமலும் கலக்காதீர்கள்; பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே ரப்பர் கலவையும் விறைப்பும் வேறாக இருக்கலாம்.

உங்கள் காரில் இப்போது ரன்ஃபிளாட் டயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். காற்று முழுக்கப் போனாலும் 80 கி.மீ. வேகத்தில் சுமார் 80 கி.மீ. தூரம் ஓடக்கூடியது அது. சாதாரண டயருக்கு மாறினால் விலை குறையும், மேடு பள்ளத்தில் குலுக்கலும் குறையும். ஆனால் அந்தக் கார்களில் பெரும்பாலும் ஸ்டெப்னி வைக்க இடமே இருக்காது. பஞ்சர் அடைக்கும் திரவமும் சிறிய கம்ப்ரஸரும் வாங்கும் செலவைச் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

3. பட்ஜெட்டை டயர் விலையில் போடாதீர்கள், மொத்தத்தில் போடுங்கள்

கடையில் பலகையில் எழுதியிருப்பது டயரின் விலை. நீங்கள் கொடுக்கப்போவது வேறு தொகை. கழற்றி மாட்டும் கூலி, சக்கரம் நடுங்காமல் சுழல எடை ஒட்டும் பேலன்சிங், புது வால்வு, அழுத்த உணரி இருந்தால் அதன் ரப்பர் வளையமும் நட்டும், பழைய டயரை அப்புறப்படுத்தும் கட்டணம், வீல் அலைன்மென்ட். தாழ்ந்த பக்கவாட்டு டயருக்கும் ரன்ஃபிளாட்டுக்கும் கூலி கூடுதலாகக் கேட்பார்கள், ஏனென்றால் அதை மாட்ட வேறு கருவி வேண்டும். விலை கேட்கும்போதே "எல்லாம் சேர்த்து, நான்கு சக்கரமும் ஓடும் நிலையில் எவ்வளவு?" என்று கேளுங்கள். அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று கடையில் கேட்டால் வரிசையே மாறிவிடும். டயர் மலிவான கடை மொத்தத்தில் மலிவாக இருக்காது.

அடுத்த கணக்கு கிலோமீட்டருக்கு என்ன விழுகிறது என்பது. ஒரு டயரின் விலை 100 பங்கு, 25,000 கி.மீ. வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்று 70 பங்கு, 15,000 கி.மீ. வருகிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு முதலாவது 4 பங்கு; இரண்டாவது ஏறக்குறைய 4.7 பங்கு. மலிவானதுதான் விலை உயர்ந்தது. மாட்டும் கூலி இரண்டாவதில் அடிக்கடி வரும் என்பதையும் சேர்த்தால் வித்தியாசம் இன்னும் விரியும்.

4. எந்த வகை டயர்

குளிர் காலத்தில் வெப்பநிலை அடிக்கடி 7 பாகைக்குக் கீழே போகும் ஊரில் இருந்தால், கோடை டயர் ரப்பர் இறுகிப் பிடிப்பை இழக்கும். அங்கே குளிர்காலத்துக்குத் தனி டயர், அல்லது வேகக் காருக்கென்று செய்த அனைத்துப் பருவ டயர். வெப்பமான ஊரென்றால் கோடை டயர்தான். மழைக்கும் அதுவே நல்லது. கோடை டயர் என்றால் மழைக்கு ஆகாது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். பெயர் அப்படி நினைக்க வைக்கிறது. பனியும் உறைகுளிரும்தான் அதற்கு ஆகாதவை. வெதுவெதுப்பான மழையில் நல்ல கோடை டயரை மற்ற வகைகள் நெருங்குவது கடினம்.

பந்தயத் தடத்துக்கென்றே செய்த, தேய்மான எண் (எவ்வளவு நாள் உழைக்கும் என்று காட்டும் எண், அடுத்த பகுதியில் விளக்குகிறேன்) 200ஐ ஒட்டி உள்ள டயர்கள் ஆசை காட்டும். காய்ந்த சாலையில் அபாரமாகப் பிடிக்கும். சீக்கிரம் தேயும், இரைச்சல் போடும், தேங்கிய நீரில் பலவும் தடுமாறும். தினமும் வேலைக்குப் போகும் ஒரே காருக்கு, அதுவும் பட்ஜெட்டில், வேண்டாம்.

எதிர்ப்பக்கம், தேய்மான எண் 500க்கு மேல் உள்ள சொகுசுப் பயண டயர். நீண்ட நாள் உழைக்கும். ஆனால் உங்கள் காரின் பிரேக்கும் சஸ்பென்ஷனும் வீணாகும். நடுவில், 300ஐ ஒட்டி இருக்கும் சாலைக்கான கோடை டயர்தான் பெரும்பாலான வேகக் கார்களுக்குப் பொருந்தும்.

5. தரத்தை எப்படி அளப்பது

டயரின் பக்கவாட்டில் இருக்கும் அந்தத் தேய்மான எண் அமெரிக்காவின் யுடிக்யூஜி முறைப்படி வருவது. 100 என்பது ஒப்பீட்டு டயர்; 200 என்றால் சோதனைத் தடத்தில் அதைப்போல் இரு மடங்கு உழைத்தது. ஆனால் எண்ணை இடுவது டயர் உற்பத்தியாளரே. ஆகவே ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களை ஒப்பிட மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். அதே வரிசையில் இருக்கும் ஏஏ, ஏ, பி, சி என்ற எழுத்து ஈரத் தரையில் நேர்க்கோட்டில் பிரேக் போட்டு அளந்தது. வளைவில் பிடிக்குமா என்று அது சொல்லாது.

ஐரோப்பிய ஒட்டுத்தாள் இருந்தால் இன்னும் நல்லது. 2021 மே முதல் அதில் ஏ முதல் இ வரை ஐந்து தரங்கள். எரிபொருள் சிக்கனம், ஈரப் பிடிப்பு, இரைச்சல் மூன்றும் இருக்கும். நான் முதலில் பார்ப்பது ஈரப் பிடிப்பு. ஏ இல்லையென்றால் பி. அதற்குக் கீழே வேகக் காருக்கு வாங்காதீர்கள். காய்ந்த தரையில் எப்படிப் பிடிக்கும், தேய்ந்த பிறகு எப்படி இருக்கும் என்று அந்தத் தாள் சொல்லாது. அதற்குச் சுயேச்சையான ஒப்பீட்டுச் சோதனைகள் வேண்டும். ஜெர்மனியின் ஏடிஏசி மோட்டார் சங்கம் ஒவ்வோர் ஆண்டும் செய்து வெளியிடுகிறது. ஆட்டோ பில்டு போன்ற இதழ்களும் செய்கின்றன. உங்கள் அளவுக்கு நெருங்கிய அளவில் நடந்த சோதனையாகப் பாருங்கள். முதல் இடம் யாருக்கு என்பதைவிட ஈரத் தரையில் பிரேக் தூரம் எத்தனை மீட்டர் என்ற பத்தியைப் பாருங்கள்.

அந்தப் பத்தி ஏன் அவ்வளவு முக்கியம் என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 80 கி.மீ. வேகத்தில் போகும் கார் ஒரு டயரில் 30 மீட்டரில் நிற்கிறது, இன்னொன்றில் 36 மீட்டரில். ஆறு மீட்டர்தானே என்று தோன்றும். முதல் கார் நின்றுவிட்ட அதே புள்ளியில் இரண்டாவது கார் இன்னும் மணிக்கு 32 கி.மீ.க்கு மேல் போய்க்கொண்டிருக்கும். முன்னால் நிற்கும் வண்டியின் பின்புறத்தில் அந்த வேகத்தில்தான் மோதும். பட்ஜெட் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் நான் இந்த ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை.

பிராண்டுகளைப் பற்றி. மிஷலின், கான்டினென்டல், பிரிட்ஜ்ஸ்டோன், குட்இயர், பிரெல்லி ஆகியவை மேல்தட்டு. பட்ஜெட்காரர்கள் தேட வேண்டியது அதற்கு அடுத்த தட்டில்: ஹான்கூக், கும்ஹோ, ஃபால்கன், டோயோ, யோகோஹாமா. பெரிய நிறுவனங்களின் இரண்டாம் பெயர்களும் உண்டு. ஃபயர்ஸ்டோன் பிரிட்ஜ்ஸ்டோனுக்குச் சொந்தம், பிஎஃப்குட்ரிச் மிஷலினுக்கு, ஃபால்கன் சுமிட்டோமோவுக்கு, விரெடஸ்டைன் 2009 முதல் அப்போலோவுக்கு. இவற்றின் வேகக் கார் மாடல்கள் சோதனைகளில் பலமுறை மேல்தட்டை ஒட்டி வந்திருக்கின்றன. பெயரே கேள்விப்படாத, எந்தச் சோதனையிலும் வராத டயரைத் தொடாதீர்கள். நான் முதலில் வாங்கியது அப்படிப்பட்டதுதான். பட்டன் வடிவம் மட்டும் உசத்தி டயர் போலவே இருந்தது.

6. எங்கே மிச்சம் பிடிக்கலாம்

முதல் வழி, முந்தைய தலைமுறை மாடல். புது மாடல் வந்ததும் பழையதன் விலை இறங்கும். அன்றுவரை சோதனைகளில் முன்னணியில் இருந்த டயர் ஒரே நாளில் கெட்டுப்போவதில்லை. தயாரிப்புத் தேதியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வழிதான் எனக்கு அதிகம் மிச்சப்படுத்தியது: ரிம்மை ஓர் அங்குலம் குறைப்பது. என் கார் 225/40 ஆர்18 டயரோடு வந்தது. கையேட்டின் அனுமதிப் பட்டியலில் 225/45 ஆர்17உம் இருந்தது. விட்டத்தைக் கணக்கிடுங்கள். 225இல் 40 சதவீதம் 90; மேலும் கீழும் சேர்த்து 180; அதோடு 18 அங்குலம், அதாவது 457.2 மி.மீ. மொத்தம் 637.2. அடுத்தது, 225இல் 45 சதவீதம் 101.25, இரு மடங்கு 202.5, அதோடு 431.8. மொத்தம் 634.3. வித்தியாசம் 3 மி.மீ. கூட இல்லை, வேகமானி பிசகாது. 17 அங்குல டயர் பொதுவாக மலிவு, தேர்வும் அதிகம். பக்கவாட்டு உயரமாக இருப்பதால் குழியில் விழுந்தால் ரிம் நசுங்கும் பயமும் குறைவு. பயன்படுத்திய நல்ல ரிம் நான்கு வாங்கிய செலவு இரண்டே முறை டயர் மாற்றத்தில் திரும்பிவிடும் என்று கணக்கிட்டே வாங்கினேன்.

இதில் மூன்று எச்சரிக்கை. பிரேக் தகட்டை இறுக்கிப் பிடிக்கும் பெரிய காலிப்பர் சின்ன ரிம்முக்குள் இடிக்கலாம். வாங்கும் முன் ஒரு ரிம்மை மாட்டிச் சுற்றிப் பாருங்கள். ரிம்மின் அகலம், ஆஃப்செட் (ரிம் உள்ளேயோ வெளியேயோ தள்ளி நிற்கும் அளவு), நடு ஓட்டை, போல்ட் வட்டம் எல்லாம் பொருந்த வேண்டும். கையேட்டில் இல்லாத அளவென்றால் பதிவுச் சான்றில் மாற்றம் செய்யவோ காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்கவோ வேண்டியிருக்கலாம். போடுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

பயன்படுத்திய டயர் வாங்குவதில் மிச்சம் இல்லை. குழியில் விழுந்து உள்ளே நூல் அறுந்ததும், காற்றில்லாமல் ஓடி உள்சுவர் வெந்ததும் வெளியிலிருந்து தெரியாது. பாதிப் பட்டனுக்கு முக்கால் விலை கொடுப்பீர்கள்.

நைட்ரஜன் நிரப்பக் கூடுதல் காசும் தேவையில்லை. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். அந்தக் காசுக்கு நல்ல காற்றழுத்த மானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

7. நான்கு வேண்டுமா, இரண்டு போதுமா

நான்கு சக்கரமும் இழுக்கும் கார் என்றால் இங்கே அவசரப்படாதீர்கள். புது டயருக்கும் பழையதுக்கும் பட்டனில் 3 மி.மீ. வித்தியாசம் இருந்தால் விட்டத்தில் 6 மி.மீ. வித்தியாசம். அந்த 17 அங்குல அளவில் தேய்ந்த டயர் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 5 சுற்று அதிகம் சுற்றும். நேரான சாலையிலும், முன் பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் நடு டிஃபரன்ஷியலோ கிளட்சோ ஓய்வில்லாமல் அந்த வித்தியாசத்தை ஈடுகட்டிக்கொண்டே இருக்கும், சூடேறிக் கெடும். அதன் பழுது இரண்டு டயர் விலையை விழுங்கிவிடும். எவ்வளவு வித்தியாசம் ஏற்கலாம் என்று கையேட்டில் இருக்கும். அதற்குள் இல்லையென்றால் நான்கும்தான்.

இரு சக்கரம் மட்டும் இழுக்கும் கார் என்றால் இரண்டு வாங்கலாம். ஒரே அச்சில் இரண்டும் ஒரே மாடலாக இருக்க வேண்டும். புதியதைப் பின்னால் போடுங்கள், முன் சக்கரம் இழுக்கும் காராக இருந்தாலும். கடைக்காரர்கள் சிலர் "இழுக்கிற சக்கரத்துக்குத்தானே புதுசு" என்பார்கள். மழையில் முன் டயர் பிடிப்பை இழந்தால் கார் நேராகப் போகும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் மெல்லத் திரும்பும். பின் டயர் இழந்தால் கார் சுழலும். பழகாத கையால் அதை மீட்க முடியாது.

பின் டயர் அகலமாகவும் முன் டயர் குறுகலாகவும் உள்ள கார்களில் முன்னதைப் பின்னுக்கு மாற்ற வழியில்லை. பின் ஜோடி சீக்கிரம் தேயும் என்று முதலிலேயே கணக்கில் வையுங்கள்.

8. வாங்கும்போது கேட்க வேண்டியவை

டயரின் பக்கவாட்டில் டிஓடி என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரிப்புத் தேதி. 3523 என்றால் 2023ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். பணம் கட்டும் முன் நான்கு டயரின் தேதியையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முறையாகச் சேமித்த டயர் ஓர் ஆண்டு பழையதாக இருந்தால் குறையில்லை. மூன்று ஆண்டு பழையது என்றால் விலையை நன்றாகக் குறைக்க வேண்டும்; நான் வாங்க மாட்டேன். உற்பத்தியாளர்கள் பலர் ஐந்து ஆண்டுக்குப் பிறகு ஆண்டுதோறும் சோதிக்கச் சொல்கிறார்கள். பட்டன் மிச்சமிருந்தாலும் பத்து ஆண்டில் மாற்றச் சொல்கிறார்கள். பழைய சரக்கு வாங்கினால் அந்தக் காலத்தைத் தொலைத்துவிட்டே தொடங்குகிறீர்கள்.

தேதி முழுதாக ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். மறுபக்கத்தில் தேடிவிட்டு இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

ரசீதில் பிராண்டு, மாடல், முழு அளவு, சுமைக் குறியீடு, வேகக் குறியீடு, தேதி எண் எல்லாம் எழுதி வாங்குங்கள். "டயர் 4" என்று மட்டும் எழுதிய ரசீதை வைத்துக்கொண்டு வாரன்டி கேட்க முடியாது. என் முதல் ரசீது அப்படித்தான் இருந்தது. வாரன்டி எதற்குச் செல்லும், தயாரிப்புக் குறைக்கு மட்டுமா, குழியில் விழுந்த சேதத்துக்கும் உண்டா என்றும் கேளுங்கள்.

இணையத்தில் வாங்கினால் வந்து சேரும் நாளுக்கு அடுத்த நாளில் பொருத்தும் நேரத்தை முன்பதிவு செய்யுங்கள், அதே நாளில் வேண்டாம். தவறான குறியீடு வந்துவிட்டால் ரிம்மில் ஏற்றாத வரை திருப்பி அனுப்பலாம். ஒருமுறை ஏற்றிவிட்டால் பெரும்பாலும் திரும்ப எடுக்க மாட்டார்கள்.

9. பொருத்தும் நாள்

காலையில் போங்கள். மாலை நெருக்கடியில் அலைன்மென்ட்டை அவசரமாக முடித்துவிடுவார்கள். நான்கு டயருக்கும் அலைன்மென்ட்டுக்கும் சேர்த்து இரண்டு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள், பக்கத்திலேயே நில்லுங்கள்.

பக்கவாட்டில் வெளிப்பக்கம், உள்பக்கம் என்று எழுதியிருந்தால் வெளிப்பக்கம் வெளியேதான் தெரிய வேண்டும். அம்புக்குறி இருந்தால் கார் முன்னோக்கிப் போகும்போது சக்கரம் சுழலும் திசையில் இருக்க வேண்டும். எனக்கு ஒன்றை உள்வெளி மாற்றிப் போட்டுவிட்டார்கள்; ஜாக்கியிலிருந்து இறக்குவதற்குள் பார்த்ததால் சண்டையில்லாமல் மாற்றித் தந்தார்கள்.

பேலன்சிங் செய்யும்போது ரிம் தள்ளாடாமல் சுழல்கிறதா என்று பாருங்கள். நசுங்கிய ரிம்மை எடை ஒட்டிச் சமாளிக்கப் பார்ப்பார்கள், 100 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும்.

போல்ட்டை நியூமேட்டிக் கன்னால் கடைசிவரை முறுக்க விடாதீர்கள். கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்கச் சொல்லுங்கள். 50 முதல் 100 கி.மீ. ஓடிய பின் மறுபடி ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

காற்று தகட்டில் உள்ள அளவுக்கு, டயர் ஆறியிருக்கும்போது. டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் அழுத்தம் அதிகபட்ச எல்லை. அதை நிரப்பிவிடும் கடைகள் உண்டு. வீட்டுக்கு வந்து மறுநாள் காலை உங்கள் மானியில் அளந்து சரிசெய்யுங்கள். அழுத்த உணரி இருந்தால் கையேட்டின்படி ரீசெட் செய்யுங்கள்.

அலைன்மென்ட் முடிந்ததும், சரிசெய்வதற்கு முன்பும் பின்பும் இருந்த அளவுகள் அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள். சிவப்பில் இருந்த எண்கள் பச்சைக்கு வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பின் சக்கர அளவுகளும் அதில் இருக்க வேண்டும். முன் சக்கரத்தை மட்டும் சரிசெய்துவிட்டு முழுக் கட்டணம் வாங்குவது வழக்கமான பொறி.

10. முதல் சில நூறு கிலோமீட்டரும் அதற்குப் பிறகும்

புது டயரின் மேற்பரப்பு வழுக்கும். தொழிற்சாலையில் வார்ப்பு அச்சிலிருந்து கழற்ற உதவிய பூச்சும், தேயாத ரப்பரின் வழவழப்பும்தான் காரணம். முதல் 300 கி.மீ. வரை வளைவில் விரட்டாதீர்கள், பிரேக்கை முன்கூட்டியே போடுங்கள், மழையில் இன்னும் பொறுமையாகப் போங்கள். புது டயர் போட்ட மகிழ்ச்சியில் அன்று மாலையே காரைச் சோதிக்கத் தோன்றும். ஒரு வாரம் கழித்துச் சோதியுங்கள்.

பஞ்சர் நடுப்பட்டனில், ஆணி 6 மி.மீ.க்குள் இருந்தால், டயரைக் கழற்றி உள்ளிருந்து ஒட்டும் முறையில் சரிசெய்யலாம். ஓரத்திலோ பக்கவாட்டிலோ இருந்தால் டயர் போனதுதான். பக்கவாட்டில் புடைப்பு வந்தாலும் அப்படியே. ஒரு டயர் மட்டும் போனால் அதே மாடலில் ஒன்று கிடைக்குமா என்று உடனே தேடுங்கள். மாடல் நின்றுபோனால் ஜோடியாக வாங்க வேண்டி வரும்.

காற்றை மாதம் ஒருமுறை அளந்து, 5,000 கி.மீ.க்கு ஒருமுறை ஒவ்வொரு டயரிலும் உள், நடு, வெளி என மூன்று இடத்தில் பட்டன் ஆழத்தைக் குறித்து வைக்கிறேன். மொத்தம் 12 எண்கள், ஐந்து நிமிட வேலை. ரசீதும் அலைன்மென்ட் தாளும் இருக்கும் அதே உறையில் அந்தக் காகிதமும் இருக்கிறது. போன முறை பின் இடது டயரில் உள் விளிம்பு மட்டும் 0.6 மி.மீ. அதிகம் தேய்ந்திருந்தது. மறுநாளே அலைன்மென்ட்டுக்குப் போனேன். டோ சற்று விலகியிருந்தது, திருகிச் சரிசெய்தார்கள்.